திரையில் பார்த்ததைக் கண்ணால் கண்டதாக நம்பும்போது

சினிமாவின் சக்தியைப் பற்றிப் பேசத் தொடங்கும் எவரும் முதலில் எடுத்துவிடும் கதை ஒன்று உண்டு. 1896 ஜனவரியில் பாரிஸில், சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்கள் ஒரு ரயில் வண்டி நிலையத்துக்குள் வந்து நிற்பதைத் திரையிட்டபோது, எஞ்சின் தங்கள் மேலேயே பாய்ந்து வருவதாக எண்ணிப் பார்வையாளர்கள் அலறியடித்துக்கொண்டு ஓடினார்கள் என்பது அந்தக் கதை. ஏறக்குறைய ஐம்பது விநாடி ஓடும் துண்டுப்படம் அது. திரைப்பட வரலாற்றை ஆராய்ந்தவர்கள் அக்காலத்து நாளிதழ்களைத் தேடிப் புரட்டியும் அப்படியொரு களேபரம் நடந்ததற்குச் சான்று எதுவும் அகப்படவில்லை. அதற்கு முந்தைய மாதம், 1895 டிசம்பர் 28 அன்று, கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்திய அவர்களின் முதல் காட்சியில் அந்த ரயில் படம் இடம்பெறவே இல்லை. ஆனாலும் கதை மட்டும் சாகாமல், பாடநூல்களிலும் மேடைப் பேச்சுகளிலும் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது.

அது ஏன் சாகவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. திரைப்படம் மக்களை ஆட்டிவைக்கிறது என்று நம்புவதில் நமக்கு அலாதியான விருப்பம். ஆனால் ஆட்டிவைக்கப்படுபவர்கள் எப்போதும் பிறராகவே இருக்க வேண்டும். படம் பார்த்து இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று குமுறுபவரும் அதே படத்தை முழுவதுமாகப் பார்த்தவர்தான், ஆனால் தமக்கு அதனால் எதுவும் நேர்ந்திருக்கக்கூடும் என்ற ஐயம் அவருக்கு வருவதே இல்லை. எதிர்த்தரப்பில், ஒரே ஒரு படம் ஒரு நாட்டின் மனசாட்சியை உலுக்கிவிட்டது என்று சுவரொட்டி வாசகத்தின் தொனியில் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். இரு தரப்பும் சினிமாவின் செல்வாக்கைத் தவறான இடத்தில் தேடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது.

பல்லாண்டு வழக்காடிய ஒருவரை ஒரு நீதிமன்றக் காட்சியின் முன் உட்கார வைத்தால், ஐந்து நிமிடத்துக்குள் பத்துப் பிழைகளைச் சொல்லிச் சிரிப்பார். அதே மனிதர், அடுத்து வரும் மருத்துவமனைக் காட்சியில், திரையில் கோடு நேராகிவிட்ட நோயாளியின் நெஞ்சில் மின்னதிர்ச்சி கொடுத்து உயிர்ப்பிப்பதைப் பார்த்துக் கண் கலங்குவார். முற்றிலும் நின்றுபோன இதயத்துக்கு மின்னதிர்ச்சி சிகிச்சை ஆகாது என்பது மருத்துவருக்குத் தெரியும், வழக்கறிஞருக்குத் தெரியாது. நமக்கு நேரடி அனுபவம் இருக்கும் துறையில் சினிமா நம்மிடம் தோற்றுப்போகிறது. அனுபவம் இல்லாத இடத்திலோ அதை மறுத்துப் பேச நம்மிடம் எதுவும் இல்லாததால், அது காட்டியதே நமக்கு நினைவாகிவிடுகிறது. கொலை, சிறை, போர், ஆழ்கடல், விண்வெளி, கடந்த காலம் என்று நம்மில் பெரும்பாலோர் கால் வைக்காத இடங்களே படங்களுக்கு மிகவும் பிடித்த களங்கள் என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சுறா மீனை எடுத்துக்கொள்ளலாம். 1975 ஜூன் 20 அன்று வெளியான ‘ஜாஸ்’ படத்துக்காகச் செய்யப்பட்ட இயந்திரச் சுறா உப்பு நீரில் இறங்கியதும் அடிக்கடி மக்கர் செய்தது. வேறு வழியின்றி இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், படத்தின் பெரும்பகுதியில் சுறாவைக் காட்டாமல், நீர்மட்டத்தில் நகரும் கேமராவையும், இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும் இசையையும், இழுபட்டுச் செல்லும் மிதவைகளையும் வைத்து அதன் இருப்பை உணர்த்தினார். கண்ணுக்குத் தெரியும் சுறாவாக இருந்திருந்தால் அது படத்தோடு முடிந்திருக்கும்; கண்ணுக்குத் தெரியாத சுறா, பார்வையாளர் அதன்பின் இறங்கிய எல்லாக் கடல்களுக்கும் கூடவே போனது. உலகம் முழுவதும் சுறா தாக்கி இறப்பவர்கள் சராசரியாக ஆண்டுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மனிதர்கள் கொல்லும் சுறாக்களோ ஆண்டுக்குச் சுமார் 10 கோடி என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தக் கொலைக்கணக்கைப் படத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதன் பெரும்பங்கு துடுப்புக்காகவும் இறைச்சிக்காகவும் நடக்கும் வணிக மீன்பிடியைச் சேரும். எனினும், வேட்டையாடித் தீர்க்கப்படும் ஓர் உயிரினத்துக்காகப் பரிந்து பேச நீண்ட காலம் ஆளே கிடைக்காததில் படத்துக்குப் பங்கில்லை என்று சொல்லவும் முடியாது. மூலநாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி தம் வாழ்வின் பிற்பகுதியைச் சுறாக்களின் பாதுகாப்புக்காகப் பேசுவதில் செலவிட்டார். ஸ்பீல்பெர்க்கும் 2022-இல் ஒரு வானொலிப் பேட்டியில் தம் வருத்தத்தை வெளிப்படையாகவே சொன்னார்.

கடலைப் பற்றி நம் மனதில் பதிந்த இன்னொரு பிழையான சித்திரம் இதைவிட ஆபத்தானது. ஆனால் அதற்கு எந்த ஒரு படத்தையும் பொறுப்பாக்க முடியாது. நீரில் மூழ்குபவர் இரு கைகளையும் உயர்த்தி ஆட்டுவார், தண்ணீரை அடித்துக் கலக்குவார், காப்பாற்றும்படி கத்துவார் என்று நமக்கு எல்லாப் படங்களும் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. உண்மையில் மூழ்குபவர் சத்தமே போடுவதில்லை. வாய் நீருக்கு மேலே வரும் அரை நொடியில் மூச்சை இழுக்கவே நேரம் போதாதபோது குரல் எங்கிருந்து வரும்? கைகள் மேலே உயர்வதற்குப் பதில், உடலை மேலே தூக்கும் முயற்சியில் தாமாகவே பக்கவாட்டில் நீண்டு நீரை அழுத்துகின்றன. உடல் செங்குத்தாக நிற்கிறது, கால்கள் உதைப்பதில்லை, பார்ப்பவருக்கு அவர் நின்றபடி வேடிக்கை பார்ப்பதுபோல்தான் தெரியும். இருபது முதல் அறுபது விநாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. பிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்க உயிர்காப்பாளர், கடற்கரையில் நடந்த உண்மையான மீட்புகளைக் கேமராவில் பதிவுசெய்து 1970-களில் இதை விளக்கிக்காட்டினார். கூப்பிடு தூரத்தில் பெற்றோர் நின்றுகொண்டிருக்கும்போதே பிள்ளைகள் மூழ்கிப்போவதற்கு ஒரு காரணம், அவர்கள் கேட்கக் காத்திருந்த அந்த அலறல் வராததுதான்.

நடை, உடை, பாவனை விஷயத்தில் கதை வேறு மாதிரி. அங்கே சினிமா கற்றுக்கொடுத்ததை மக்கள் தெரிந்தே கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் பெயின் நிதியத்தின் உதவியுடன் 1929 முதல் சில ஆண்டுகள் நடந்த ஆய்வுகளில், சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஹெர்பர்ட் புளூமர் மாணவர்களைத் தங்கள் ‘திரைப்படத் தன்வரலாற்றை’ எழுதித் தரச் சொன்னார். அந்த இளைஞர்கள் கூச்சமே இல்லாமல் எழுதியிருக்கிறார்கள்: தலைமுடியை எப்படி ஒதுக்குவது, சிகரெட்டை எப்படிப் பிடிப்பது, முத்தமிடும்போது எங்கிருந்து தொடங்குவது என்பதையெல்லாம் திரையரங்கில்தான் கற்றோம் என்று. வீட்டிலும் பள்ளியிலும் யாரும் சொல்லித்தராத பாடங்கள் இவை. பிறருடைய நெருக்கமான தருணங்களை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு மனிதர்களுக்கு அதற்குமுன் இருந்ததே இல்லை என்பதால், அந்தப் பாடத்துக்கு அங்கே இருந்த ஒரே வாத்தியார் சினிமாதான். ஆய்வாளர்கள் நிதானமாகவே எழுதியிருந்தார்கள்; ஆனால் 1933-இல் அவற்றைச் சுருக்கிப் பொதுமக்களுக்காக வெளியான நூல் அபாயச் சங்கு ஊதியது. அதற்கு மறு ஆண்டே ஹாலிவுட்டில் தணிக்கை விதிகள் கடுமையாகி, குற்றம் செய்தவன் தண்டனை பெற்றே ஆக வேண்டும், கணவனும் மனைவியும் தனித்தனிக் கட்டிலில்தான் படுக்க வேண்டும் என்ற உலகம் திரையில் உருவாகி 1960-கள் வரை நீடித்தது. அந்த விதிகளால் எவரும் ஒழுக்கமானவராக மாறியதாக நான் படித்ததில்லை.

சிகரெட் விஷயம் மட்டும் வெறும் ஊகமாக நிற்கவில்லை. அமெரிக்கத் தலைமை மருத்துவர் அலுவலகத்தின் 2012-ஆம் ஆண்டு அறிக்கை, படங்களில் வரும் புகைபிடிக்கும் காட்சிகளுக்கும் இளையோர் புகைக்கத் தொடங்குவதற்கும் காரண-காரிய உறவு இருப்பதாகவே முடிவுசெய்தது. தற்செயலான தொடர்பு என்று தள்ளிவிட முடியாத அளவுக்குச் சான்றுகள் குவிந்த அரிய இடம் இது. நாய்களையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். நாயை நாயகனாக்கிய படங்களுக்குப் பிறகு அந்தந்த இன நாய்களின் பதிவு அமெரிக்காவில் எப்படி மாறியது என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1943-இல் ‘கோலி’ இன நாய் ஒன்றின் கதை படமாக வெளியானபின் இரண்டே ஆண்டுகளில் அவ்வினத்தின் பதிவு 40 விழுக்காடு ஏறியது. சில படங்களின் தாக்கம் பத்து ஆண்டுகள்வரை நீடித்தது. கருத்தை மாற்றுவதைவிட நாயை மாற்றுவது எளிது போலும்.

ஆனால் சினிமாவின் செல்வாக்கு என்றதும் எனக்கு உண்மையிலேயே திகிலூட்டுவது 1915-ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி. டி. டபிள்யூ. கிரிஃபித் இயக்கிய ‘தி பர்த் ஆஃப் எ நேஷன்’, அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய காலத்தைக் காட்டும் மூன்று மணி நேரப் படம். அதில் கறுப்பின மக்கள் காமுகர்களாகவும் முட்டாள்களாகவும் சித்திரிக்கப்பட, முகமூடி அணிந்து அவர்களைக் கொன்ற கூ கிளக்ஸ் கிளான் கும்பல் குதிரையேறி வரும் மீட்பர்களாகக் காட்டப்பட்டது. பிப்ரவரி மாதம் வெள்ளை மாளிகையிலேயே, அதிபர் உட்ரோ வில்சன் முன்னிலையில், அது திரையிடப்பட்டது. 1870-களிலேயே ஒடுங்கிவிட்டிருந்த அந்த அமைப்பை, வில்லியம் சிம்மன்ஸ் என்பவர் அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியா மாநிலத்தின் ஸ்டோன் மலை உச்சியில் சிலுவை ஒன்றைக் கொளுத்திப் புதுப்பித்தார். அண்டை நகரான அட்லாண்டாவில் படம் திரைக்கு வர அப்போது இரண்டு வாரங்கள்கூட இல்லை. அவர் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த வேளை அது.

இதில் கவனிக்க வேண்டியது அந்தச் சிலுவை. 1860-களின் அசல் கிளான் சிலுவையைக் கொளுத்தியதே இல்லை. படத்துக்கு ஆதாரமான, 1905-இல் வெளியான தாமஸ் டிக்சனின் நாவலில் எழுதப்பட்டு, படத்தில் காட்சியாகி, அதைப் பார்த்தவர்களால் உண்மையாக்கப்பட்ட சடங்கு அது. அடுத்த பத்தாண்டுக்குள் பல லட்சக்கணக்கானவர்கள் உறுப்பினரான ஓர் இயக்கம், தன் மிகப் பயங்கரமான அடையாளத்தைத் தன் வரலாற்றிலிருந்து எடுக்காமல் ஒரு கதாசிரியரின் கற்பனையிலிருந்து எடுத்துக்கொண்டது. வெறுப்பு அந்த மண்ணில் ஏற்கெனவே இருந்தது, அதைப் படம் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அந்த வெறுப்புக்கு உடுப்பும் சடங்கும், தன்னைத் தானே வியந்துகொள்ள ஒரு தோற்றமும் கிடைத்தது திரையிலிருந்துதான்.

சம்பந்தப்பட்டவர்களே தங்களைத் திரையில் பார்த்துத் தங்களைத் திருத்திக்கொள்ளும் இந்த விசித்திரம் வேறு இடங்களிலும் நடந்திருக்கிறது. ‘காட்ஃபாதர்’ நாவலை எழுதிய மாரியோ பூஸோ, அதை எழுதுமுன் உண்மையான ஒரு தாதாவைக்கூடச் சந்தித்ததில்லை என்று ஒப்புக்கொண்டவர். 1972-இல் படம் வெளியானபின், நிஜக் குற்றக் கும்பல்களைச் சேர்ந்தவர்கள் அதில் வரும் மிடுக்கையும் வசனங்களையும் எடுத்தாளத் தொடங்கினார்கள் என்பதை மாஃபியாவை ஆராய்ந்த சமூகவியலாளர் டியேகோ கம்பெட்டா விரிவாகக் காட்டியிருக்கிறார். யோசித்தால் இதில் வியப்பில்லை. இரகசியமாக இயங்க வேண்டிய தொழிலில் இருப்பவருக்குத் தம் சக தொழிலாளர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்துக் கற்க வாய்ப்பு குறைவு, அவரும் எல்லாரையும்போல் திரையரங்குக்குத்தான் போக வேண்டும்.

ராக்கெட் ஏவும்போது பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குமுகமாக எண்ணுவதும் இப்படி வந்ததே. 1929-இல் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த, நிலவுக்குச் செல்லும் பெண்ணைப் பற்றிய ஜெர்மன் படம் ஒலியில்லாத படம். ராக்கெட் கிளம்பும் கணத்தை நோக்கிப் பார்வையாளரின் நெஞ்சைப் படபடக்க வைக்க வேண்டும், ஆனால் சத்தம் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறுமுகமாக எண்ணினால் எந்த எண்ணில் கிளம்பும் என்று பார்ப்பவருக்குத் தெரியாது, இறங்குமுகமாக எண்ணினால் பூஜ்யத்தில் என்று எல்லாருக்கும் தெரியும். எனவே மிச்சமிருக்கும் விநாடிகள் எழுத்தட்டைகளாகத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிக் குறைய, கடைசியில் ‘இப்போது’ என்ற சொல் வந்தது. அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்தவர் ராக்கெட் இயலின் முன்னோடிகளில் ஒருவரான ஹெர்மன் ஓபெர்த். 1942 அக்டோபரில் ஜெர்மனியின் பேனமுண்டே ஏவுதளத்திலிருந்து முதன்முதலாக வெற்றிகரமாக ஏவப்பட்ட வி-2 போர் ராக்கெட்டின் அடிப்பகுதியில் அந்தப் படத்தின் சின்னத்தையே வரைந்திருந்தார்கள். கதையில் விறுவிறுப்பு கூட்டுவதற்காகச் செய்த உத்தி, இன்று பொறியாளர்களின் நடைமுறையாகவே ஆகிவிட்டது.

மெக்சிகோ நகரில் நடந்தது இன்னும் வேடிக்கை. 2015-இல் வெளியான ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தின் தொடக்கக் காட்சிக்காக, இறந்தோர் நாளன்று நகரின் நடுவே எலும்புக்கூட்டு வேடங்களுடன் பிரம்மாண்டமான ஊர்வலம் போவதாகப் படமெடுத்தார்கள். அந்த நாள் பழைமையானது, ஆனால் அப்படியொரு ஊர்வலம் அந்த நகரில் நடந்ததில்லை. படத்தைப் பார்த்துவிட்டு வரும் பயணிகள் அதை எதிர்பார்ப்பார்கள் என்று கருதி, 2016 அக்டோபரில் அரசே ஊர்வலத்தை நடத்தியது. அது இப்போது ஆண்டுதோறும் நடக்கிறது. இதைப் பண்பாட்டுச் சிதைவு என்று சிலர் கண்டிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை; பழைய திருவிழாக்களில் எத்தனை எந்தக் கூத்துக்காரர் சேர்த்த சரக்கு என்பதை இனி யார் பிரித்தறிவது?

நடிகர்கள் ஆட்சிக்கு வருவதைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அதில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் எனக்கு உடன்பாடானது இல்லை. வேடத்தையும் ஆளையும் மக்கள் குழப்பிக்கொண்டார்கள் என்பது அந்த விளக்கம். 1977-இல் முதலமைச்சரான எம்.ஜி.ஆருக்குப் பின்னால் கால் நூற்றாண்டுக் கட்சிப் பணி இருந்தது. 1980-இல் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரொனால்டு ரீகன், நடிகர் சங்கத் தலைவராகவும் எட்டு ஆண்டுகள் கலிபோர்னியா ஆளுநராகவும் இருந்தவர். பிலிப்பைன்ஸில் 1998-இல் அதிபரான ஜோசப் எஸ்த்ராதா, பல ஆண்டுகள் ஒரு நகரின் மேயராக இருந்தவர். என்.டி.ராமராவ் மட்டுமே 1982-இல் கட்சி தொடங்கி ஓராண்டுக்குள் ஆட்சியைப் பிடித்த விதிவிலக்கு. முகத்தை அறிமுகப்படுத்தும் வேலையைத் திரை செய்தது. மீதியை அமைப்பு செய்தது.

ஆள்பவரும் பார்வையாளர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். 1983 ஜூன் மாதம் ரீகன் தம் ஓய்வு மாளிகையில் ‘வார்கேம்ஸ்’ படத்தைப் பார்த்தார். ஒரு சிறுவன் வீட்டுக் கணினியிலிருந்து ராணுவக் கணினிக்குள் புகுந்து, விளையாட்டென்று எண்ணி அணு ஆயுதப் போரையே தொடங்கிவிட இருந்த கதை அது. சில நாள் கழித்து ஓர் உயர்மட்டக் கூட்டத்தில் முப்படைக் கூட்டுத் தலைவரிடம் இது நடக்கக்கூடியதா என்று கேட்டார். ஒரு வாரம் விசாரித்துவிட்டு வந்த தளபதி, நிலைமை அதிபர் நினைப்பதைவிட மோசம் என்றார். 1984 செப்டம்பரில் கணினிப் பாதுகாப்பு குறித்த முதல் அதிபர் ஆணை கையெழுத்தானது. அந்த ஆபத்தை அறிந்த வல்லுநர்கள் அரசுக்குள்ளேயே இருந்தார்கள். அதிபருக்கு அதைக் கண்முன் நிறுத்தத்தான் ஒரு சினிமா வேண்டியிருந்தது.

சட்டத்தை மாற்றிய படங்கள் என்று கொண்டாடப்படுபவற்றையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் அளவு தெளிவாகும். வேலைக்காகத் தவிக்கும் இளம்பெண்ணைப் பற்றிய ‘ரொசெட்டா’ 1999-இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. அதே ஆண்டு இறுதியில் பெல்ஜியத்தில் இளையோர் வேலைவாய்ப்புக்கான திட்டம் ஒன்று அந்தப் பெயரிலேயே வந்தது. ஆனால் திட்டம் முன்பே தயாராகிக்கொண்டிருந்தது என்று இயக்குநர்களே சொல்லிவிட்டார்கள். பிரான்சுக்காக இரண்டாம் உலகப் போரில் போரிட்ட காலனி நாட்டு வீரர்களின் ஓய்வூதியம் 1959-இலிருந்து உறைந்து கிடந்தது. அது தவறு என்று 2001-இலேயே அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் தீர்ப்பளித்தும் முழுத் தீர்வு வரவில்லை. 2006-இல் அவ்வீரர்களைப் பற்றிய ‘அந்திஜேன்’ படத்தை அதிபர் ஜாக் சிராக் பார்த்தார். படம் வெளியான அன்றே, சுமார் 80,000 முதியவர்களின் ஓய்வூதியத்தைப் பிரெஞ்சு வீரர்களுக்கு இணையாக உயர்த்தும் அறிவிப்பு வந்தது. வாதங்கள் எல்லாம் ஏற்கெனவே மேசையில் இருந்தன, வழக்கும் ஜெயித்தாகிவிட்டது. முகங்கள் மட்டுமே குறைவாக இருந்தன.

ஒரு படம் தன் பலத்தாலேயே ஒருவரைச் சிறையிலிருந்து வெளியே கொண்டுவந்தது என்று துணிந்து சொல்லக்கூடியது, எர்ரல் மாரிஸின் 1988-ஆம் ஆண்டு ஆவணப்படமான ‘தி தின் புளூ லைன்’. டாலஸ் நகரில் 1976-இல் நடந்த ஒரு காவலர் கொலைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்ட ஒருவரின் வழக்கு அது. மாரிஸ் கொலை நடந்த அந்த இரவை நடிகர்களை வைத்து மறுபடி மறுபடி படமாக்கினார். ஒவ்வொரு சாட்சி சொன்னபடியும் ஒருமுறை: கார் மாறும், ஓட்டுபவர் மாறுவார், உடன் இருந்த பெண் காவலர் நின்ற இடம் மாறும். எந்தக் காட்சியையும் உண்மை என்று அவர் முன்வைக்கவில்லை. கண்ணால் கண்டதாகச் சொல்லப்பட்டவை ஒன்றோடொன்று மோதுவதைப் பார்வையாளர் தாமே பார்த்துத் தெரிந்துகொண்டார். நடிகர்களை வைத்துக் காட்சியமைத்தது ஆவணப்படத்துக்கு அழகில்லை என்று ஆஸ்கர் பரிந்துரையில் படம் ஒதுக்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் அந்த மனிதர் விடுதலையானார். வெளியே வந்தபின் அவர் மாரிஸுடன் சட்டத் தகராறில் இறங்கினார். தம் வாழ்க்கைக் கதையை இனிப் பயன்படுத்தும் உரிமை யாருடையது என்பதுதான் பிரச்சினை. நீதிமன்றத்துக்கு வெளியே பேசி முடித்தபோது, அந்த உரிமையை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார்.